சிறுநீரகத்துக்கு ஒரு லம்போர்கினி

இத்தாலியப் போலீஸுக்கு 2004-ல் லம்போர்கினி நிறுவனம் ஒரு கல்லார்டோ காரை இனாமாகக் கொடுத்தது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டி. 2009-ல் போலீஸிடம் இருந்த ஒரு கல்லார்டோவுக்குச் சமாதி கட்டியது எந்தக் கொள்ளைக் கும்பலும் அல்ல. கிரெமோனாவில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்த ஒரு கார். அதில் இடிக்காமல் ஒடித்துத் திருப்பியதில், ஓரமாக நின்ற வண்டிகள் மேல் போய் மோதியது.

திருடனைத் துரத்திப் பிடித்தாலும் ஏற்றிவர இடமேது? இரண்டே சீட், இரண்டிலும் போலீஸ்.

2017-ல் போலீஸில் சேர்ந்த இன்னொரு லம்போர்கினியான ஹுராகானுக்கு எஞ்சின் பின்பக்கம். முன்பக்க டிக்கியில், மாற்று அறுவைக்கான உறுப்புகளைக் கொண்டுசெல்லக் குளிர்பெட்டி வைத்தார்கள். 2020 நவம்பரில் பதுவாவிலிருந்து ரோமுக்கு, ஏறக்குறைய 500 கிலோமீட்டரை இரண்டே மணி நேரத்தில் கடந்து, ஒரு சிறுநீரகம் போய்ச் சேர்ந்தது. அந்த நெடுஞ்சாலையில் மற்றவர்களுக்கு 130-தான் உச்சவரம்பு. மீறினால் அபராதச் சீட்டு எழுதுவதும் இதே போலீஸ்தான்.