சுழலும் கட்டில்

கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்று கடலோரத்துக்காரர்களைக் கேட்டால் உருப்படியான பதில் வராது. தினமும் கண்ணில் படுகிற பொருள்மேல் யாருக்கு ஆசை வரும்? ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வந்து கேட்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,500 மீட்டர். அருகிலுள்ள கடலுக்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு, ரவுண்டானா ஓரம் டீ கிளாஸோடு நிற்கிற எவரும் கப்பல் கட்டும் கலை பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

எங்களுக்கு நீர்வழி அனுபவமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கூப்பிடு தூரத்தில் ஏரி இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. கோடை விழாவில் படகுப் போட்டி நடக்கிறது. மிதி படகில் ஏறிய புதுமணத் தம்பதிகளைக் கரையில் நின்று பார்த்தே கடற்பயணத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். மிதிப்பவர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர். படகு கரை தட்டினால் திட்டு வாங்குபவர் மிதித்தவர்.

பேச்சைக் கிளப்பிவிட்டவர் என் மாப்பிள்ளை. சென்னையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “மாமா, புதுக் கப்பல் வருதாம். வந்ததும் குடும்பத்தோட ஒரு ட்ரிப் போயிட்டு வரலாம். அதுல என்னென்ன வசதி இருந்தா தேவலைன்னு எல்லாரும் யோசிச்சு வையுங்க” என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

‘புதுக் கப்பல்’ என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. 2022 ஜூன் மாதம் முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பினாரே, அந்தக் கார்டீலியா எம்பிரஸ் சுற்றுலாக் கப்பல், 1990-ல் பிரான்சில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிறந்தது. அடுத்து கார்டீலியா நிறுவனத்துக்கு வரப்போவதாக 2025-ல் அறிவித்த இரண்டு கப்பல்களில் நார்வீஜியன் ஸ்கை 1999-ல் ஓடத் தொடங்கியது. நார்வீஜியன் சன் 2001-ல். இதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் ஊரில் பெயின்ட் அடித்த நாள்தானே பேருந்துக்குப் பிறந்தநாள்.

முதல் கோரிக்கை என் சம்சாரத்திடமிருந்து வந்தது. அதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டு மழைக்காலம் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி காயாது. வாரக்கணக்கில் வீட்டுக்குள் கயிறு கட்டி, ஈரப் புடவைகளுக்கு நடுவே குனிந்து போய்த்தான் சாப்பிட வேண்டும். கடைசியில் அடுப்புக்குப் பக்கத்தில் காட்டிக் காயவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், சமையல்காரர் என்று நினைத்து நம்மிடம் உப்புக் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரி, மாப்பிள்ளை அனுப்பிய கார்டீலியா எம்பிரஸ் படத்தைப் பார்த்தாள். நீச்சல் குளம் தெரியவில்லை, வெள்ளைக்காரத் தோரணையில் சாய்ந்து படுத்திருந்தவர்கள் தெரியவில்லை.

“மேல மரமே இல்லைங்க. நாள் பூரா வெயிலு. காத்து வேற. எத்தனை நீளம் இருக்கும்?”

“211 மீட்டர்.”

“இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒரு நைலான் கயிறு கட்டச் சொல்லுங்க.”

பல கப்பல்களில் குளியலறைச் சுவரில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் மெல்லிய கயிறு வரும், எதிர்ச் சுவரில் மாட்டி நீச்சலுடை காயப்போடலாம் என்று விளக்கினேன். “அது ஒரு பனியனைத் தாங்குமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஐந்தரை மீட்டர் புடவையை மனத்தில் வைத்து எந்தக் கப்பல் கட்டும் தளமும் இதுவரை கயிறு கட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்தது பிளக் பாயின்ட். இதில் ஒண்டிக்கடையும் உலகமும் ஒரே கட்சி. 1990-களில் கப்பல் கட்டியவர்கள், ஒரு அறையில் நான்கு பேர் ஆறு போன்களோடு படுப்பார்கள் என்று கனவு கண்டிருக்க மாட்டார்கள். கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு துளைகள் விட்டிருப்பார்கள். கட்டில் பக்கம் ஒன்றும் இராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் அப்படியே. தீ பயம்தான் காரணம். 1985-ல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போனதை அறிந்தவர்கள் இந்த விதியைக் கேலி செய்ய மாட்டார்கள், நானும் செய்யவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி கூடாது என்று கேள்விப்பட்டதும் என் சம்சாரம் கயிற்றின் நீளத்தை இரண்டு மடங்காக்கிவிட்டாள்.

அம்மாவின் கோரிக்கைதான் கப்பல் கட்டும் விஞ்ஞானத்துக்கே சவால். “வடக்க தலை வெச்சுப் படுக்கக் கூடாது” என்றார். அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். சென்னையிலிருந்து கப்பல் இலங்கைக்குப் போகிறது என்று வையுங்கள். திருகோணமலை தெற்கே இருக்கிறது. கப்பலின் மூக்கைப் பார்த்துத் தலையணை போட்டால் தலை தெற்கு, ஆயுசு நூறு. திரும்பி வரும்போது அதே கட்டில், அதே தலையணை, தலை வடக்கு! சரி, திரும்பும் நாளில் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

“ராத்திரி தூக்கத்துல கப்பலைத் திருப்பினா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பல் தன் உடம்பையே சுற்றித் திருப்பிக்கொள்ளும். அதுவும் விடியற்காலை நேரத்தில், பயணிகள் நன்றாகத் தூங்கும்போது. அந்தப் பத்து நிமிடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் தலை எட்டுத் திசையையும் பார்த்துவிடும். ஆகவே புதுக் கப்பலில் கட்டிலுக்கு அடியில் ஒரு அச்சும், கப்பல் எப்படித் திரும்பினாலும் தலையைத் தெற்கிலேயே நிறுத்துகிற திசைகாட்டியும் வேண்டும் என்று அம்மாவின் சார்பில் எழுதிக்கொண்டேன்.

வாஸ்து பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுப் போனவர், இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்தார். அக்கினி மூலையில்தானே அடுப்பு இருக்க வேண்டும்? தென்கிழக்கு. காலையில் இட்லி வேகும்போது தென்கிழக்கில் இருக்கும் சமையலறை, மத்தியானம் சாம்பார் கொதிக்கும்போது வடமேற்குக்குப் போயிருந்தால் என்ன செய்வது? அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். நான்கு மூலையிலும் நான்கு சமையலறை வைத்துவிட்டு, அந்தந்த நேரத்தில் எது தென்கிழக்கோ அதில் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினேன். வெள்ளைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களின் பல கப்பல்களில் பன்னிரண்டாம் தளத்துக்கு அடுத்தது பதினான்காம் தளம். பதின்மூன்றுக்குப் பயம். பழைய மாலுமிகள் வெள்ளிக்கிழமை கிளம்பமாட்டார்கள். நம்முடைய ராகு காலம் அதில் ஒன்றரை மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறது.

எஸ்டேட் வைத்திருக்கும் நண்பருக்கு வேறு கவலை. 2009-ல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் நடுவே நிஜச் செடி கொடிகளோடு ஒரு பூங்கா இருப்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். “நிழலுக்கு என்ன மரம் வெச்சிருக்காங்க?” என்று ஆரம்பித்தார். சில்வர் ஓக் இல்லையா, அதில் மிளகுக் கொடி ஏற்றவில்லையா, காட்டெருமை வருமா, கவாத்துக்கு ஆள் கிடைக்கிறார்களா என்று நீண்டது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். அந்தக் காலத்து ஆள் காபிச் செடியைக் கப்பலேற்றிக் கொண்டுவர முடிந்தபோது, இந்தக் காலத்துக் கப்பலில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு டபரா செட்டில் டிகாக்‌ஷன் காபி தர முடியாதா என்பது நண்பரின் கட்சி. மெஷினில் வருவதை அவர் காபிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1999-ல் ‘வாயேஜர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் செயற்கைப் பாறைச் சுவர் வைத்து, கயிறு கட்டி ஏறவிட்டார்கள். கார்டீலியா எம்பிரஸிலும் அது உண்டு. நடுக்கடலில் போய்ப் பூங்கா வைக்கிறார்கள், பாறை ஏறுகிறார்கள். பாறையும் பூங்காவும் ஏற்கெனவே இருக்கிற எங்கள் மலைக்கு வருகிறவர்களோ நேரே படகுச் சீட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பகோடா பாயின்ட்டில் காசில்லாமல் பாறை பார்க்கலாம். அதை விட்டுவிட்டுச் சென்னை போய், பணம் கட்டி, கடலுக்குள் கொண்டுபோய் என்னைச் சுவர் ஏறச் சொன்னால், மலைக்காரன் மரியாதை என்னாவது?

தள்ளாட்டம் பற்றிய ஆலோசனை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரிடமிருந்து வந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை வருஷக்கணக்காக மடக்கி ஏறியவர். வாந்தி விஷயத்தில் அவர் சொல்வதுதான் எங்கள் ஊரில் தீர்ப்பு. கப்பலின் வயிற்றுக்குப் பக்கவாட்டில், தண்ணீருக்கு அடியில், மீன் துடுப்புபோல இரண்டு தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் அவை கோணத்தை மாற்றி நிமிர்த்தும் என்று படித்ததைச் சொன்னேன். பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அது அடக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவ்வளவாக அடக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “ஆட்டம் எங்க கம்மி?”

“நடுவுல. கீழ்த் தளத்துல.”

“ரேட்டு எங்க கம்மி?”

“அங்கதான். மேல் தளத்துல பால்கனி ரூமுக்குத்தான் காசு ஜாஸ்தி.”

“அப்ப பணக்காரன் காசு குடுத்து ஆடுறான்” என்றார். கப்பல் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எந்த விளம்பரமும் சொன்னதில்லை. கீழ்த் தள உள்ளறைகளுக்கு ஜன்னல் கிடையாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் இருந்தால்தான் வெளியே பார்ப்பார்கள், பார்த்தால்தான் குமட்டும். அப்படிப்பட்ட அறைகளில் சில கம்பெனிக்காரர்கள் வெளியே கேமரா வைத்து, கடலை உள்ளே திரையில் காட்டுகிறார்களாம். “எலுமிச்சம்பழத்தையும் திரையில காட்டுவாங்களா?” என்றார்.

டீக்கடைப் பெஞ்சில் அதுவரை பேசாமல் இருந்த பெரியவர் வாயைத் திறந்தபோது பேச்சு வேறு காலத்துக்குப் போனது. அவர் சித்தப்பா மலாயாவுக்குப் போனது ரஜூலாவில். 1926-ல் கட்டிய கப்பல். எட்டாயிரத்துச் சொச்சம் டன். அதில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பெரும்பாலோருக்கு அறை கிடையாது, தளத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். 2024 ஜனவரியில் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’, இரண்டு லட்சத்து நாற்பதெட்டாயிரம் டன்னுக்கு மேல், இருபது தளம், ஏழு நீச்சல் குளம். அதில் ஏறக்கூடியவர்கள் அதிகபட்சம் 7,600 பேர். கணக்குப் போட்டுப் பார்த்த பெரியவர், “மிச்ச இடத்துல யாரு படுப்பாங்க?” என்று கேட்டார். நீச்சல் குளம் படுக்கும் என்றேன்.

ஆனால் பயணிகளுக்கு வசதி செய்து தருவதில் தமிழ்நாட்டுக்கு இன்னும் பழைய சரித்திரம் இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கூட்டம் சுதேசிக் கப்பலுக்குப் போகவே, பிரிட்டிஷ் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு சும்மாவே ஏற்றிப் போகிறோம் என்றது. அதற்கும் மேலே, ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடை என்றது! நம் கடற்கரையைப் பொறுத்தவரை, நீச்சல் குளம், சூதாட்டக் கூடம், சறுக்கு மரம் எல்லாவற்றுக்கும் மூத்த கப்பல் வசதி அந்தக் குடை. எங்கள் ஊர் மழையைத் தெரிந்த பெரியவர் ஒரு நொடி சபலப்பட்டதை நான் பார்த்தேன். “காசு குடுத்து நம்ம கப்பல்ல போனாங்க பாரு” என்று உடனே சுதாரித்துக்கொண்டார். குடை நல்ல குடையாக இருந்திருக்கும் என்றும் முணுமுணுத்தார்.

சின்னச் சின்னக் கோரிக்கைகளும் வந்தன. கப்பல் தளத்தில் கட்டம் வரைந்து, கோலால் வட்டைத் தள்ளி வெள்ளைக்காரர்கள் ஆடுவார்கள்; கட்டம் வரையலாம் என்றால் தாயக்கட்டம் வரையக் கூடாதா? ரசம் தனியாக ஒரு குழாயில் வர வேண்டும். அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி ஒட்டும் என்று தெரிந்ததும் என் சம்சாரம் மறுபடி கயிற்றைப் பற்றிப் பேசினாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் எதையும் கேட்கவில்லை. நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் விடியற்காலையிலேயே வந்து துண்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். ஆள் பத்து மணிக்குத்தான் வருவாராம். உலகமெங்கும் கப்பல் பயணிகள் இதைப் பற்றிப் புலம்புகிறார்கள். சில கம்பெனிகள் ஆள் வைத்து நேரம் பார்த்து, வெறும் துண்டை எடுத்துவிடுகின்றன. சேலம் பேருந்து நிலையத்தில், வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைப்பை, சில சமயம் குழந்தை என்று போட்டு இடம் பிடித்த இனம் நாங்கள். இந்தப் பிரிவில் எங்களுக்கு வடிவமைப்பு உதவி தேவையில்லை.

எல்லாவற்றையும் எழுதி மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். நல்ல பிள்ளை, ஒரு வரி விடாமல் டிக்கெட் ஏஜென்டிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். நீளமான கொடி, நாலு மூலைச் சமையல், தெற்கே தலை வைக்கிற கட்டில், பாய் விரிக்க இடம், தாயக்கட்டம், ரசம், விடியற்காலைக் காபி. எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

“சார், உங்க வீட்டுக்குத் தேவை கப்பல் இல்லை. கல்யாண மண்டபம்.”

மாப்பிள்ளை இதைச் சொன்னதும் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“மிதக்கிற மண்டபமா இருந்தாச் சொல்லச் சொல்லு மாப்ளே. அட்வான்ஸ் குடுத்துடலாம்.”