ஆள் வருது

எங்கள் சபை மலருக்கு ‘அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ நற்குணங்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதை இறக்கி வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் மணி அடிப்பதற்கு முன்பே கோயிலுக்குள் போய்விட்டேன். தூணுக்கு முந்தின பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழே. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். இருந்தது ஒரே ஒரு பெண். மற்றபடி ஒரு பைபிள், ஒரு பாட்டுப் புத்தகம், ஒரு கைப்பை, ஒரு தண்ணீர் பாட்டில்.

“அக்கா, இதுல ஆள் வருது.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்தான்க்கா.” சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஐயரின் குரல் வந்தது, முகம் வரவில்லை. அன்றைய பிரசங்கம் நீடிய பொறுமையைப் பற்றி.

இடம் போடுவதில் எத்தனை தினுசு என்று தூணைப் பார்த்தபடி யோசித்தேன். கைக்குட்டை போடுகிறவர்கள் கற்றுக்குட்டிகள். ஃபேன் காற்றில் அது கீழே விழுந்துவிடும், விழுந்ததும் அந்த இடம் ஊர்ப்பொது. கண்ணாடிக்கூடு வைக்கிறவர்கள் கொஞ்சம் தேறினவர்கள். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனார்கள் போல என்று நாமே விலகிப் போவோம். பைபிள் போட்டால் பேச்சே இல்லை. வேத புத்தகத்தை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார எந்தக் கிறிஸ்தவளுக்குத் துணிச்சல் வரும்? அதிலும் பெரிய எழுத்துப் பைபிளாக இருந்து, விரித்தும் வைத்துவிட்டால் இரண்டு பேருக்கான இடம். எல்லாவற்றுக்கும் மேலே, தூங்குகிற பிள்ளையை நீளவாக்கில் கிடத்துவது. மூன்று பேர் இடம் போச்சு, அதோடு “பாவம் பிள்ளை” என்று நாமே முந்தானையால் விசிறியும் விடுவோம். வருகிற ஆள் எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. இரண்டாம் வருகையைப் போல அது யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலும் பணக்காரக் குடும்பங்கள் கோயிலில் வாடகை கொடுத்து பெஞ்சு வைத்திருந்தன. சில பெஞ்சுகளுக்குக் கதவு, பூட்டெல்லாம் உண்டு. வெள்ளைக்காரன் வாடகையாவது கட்டினான். இங்கே ஒரு தண்ணீர் பாட்டிலோடு காரியம் முடிந்துவிடுகிறது, அதுவும் பாதி காலி.

ஆனால் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது வெள்ளைக்காரன் இல்லை. மத்தேயு 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். செபெதேயுவின் சம்சாரம் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு இயேசுவிடம் வருகிறாள். ராஜ்யத்தில் ஒருவனுக்கு வலது பக்கம், ஒருவனுக்கு இடது பக்கம். பரலோகத்துக்கே இடம் போட்ட முதல் அம்மா! மாற்கு எழுதினதில் அம்மா இல்லை, பையன்களே நேரில் கேட்கிறார்கள். எப்படிக் கேட்டிருந்தாலும், மற்ற பத்துப் பேருக்கும் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எதற்குக் கோபம் என்கிறீர்கள்? தங்களுக்கு முதலில் தோன்றவில்லையே என்றுதான். யாக்கோபும் தம் நிருபத்தில், தங்க மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு நிற்கிற இடமா என்று காய்ச்சியிருக்கிறார். ஆகமொத்தம், ஆதிசபையிலேயே உட்காரும் பிரச்சினை தீரவில்லை.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் உடனே குழந்தை தெரசாளைக் கூட்டி வந்துவிட்டாள். பிரான்சில் லிசியே மடத்தில் துணி துவைக்கும்போது, பக்கத்துச் சகோதரி அடித்துத் துவைத்த அழுக்குத் தண்ணீர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்ததாம். தெரசாள் ஒதுங்காமல், முகத்தைக்கூடத் துடைக்காமல் ஏற்றுக்கொண்டாராம். பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1897இல் இறந்தபோது அவருக்கு வயது 24. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தாகிவிட்டது. தவிர, மடத்துக் கோயிலில் ஆளுக்கொரு இடம் ஏற்கெனவே குறித்திருக்கும். அங்கே போய் யார் கைப்பையை வைக்க முடியும்?

அன்று நற்கருணை ஆராதனை. சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. முன்பெஞ்சுப் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள், பை இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினாள், பாட்டில் இருந்தது. கடைசியில் தூணைச் சுற்றி எக்கி, என் பக்கம் கையை நீட்டினாள். முறைப்படி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் வாங்கினேன்.

ஆட்கள் வந்தார்கள். காணிக்கைப் பாட்டின் கடைசிச் சரணத்தில், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக நாலு பேர். வந்ததும் ஒருத்தி ஃபேனைக் குறைக்கச் சொன்னாள், குளிருகிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். அதற்குள் மலர்க்குழுச் செயலாளர் ஃபோன் செய்துவிட்டார். கட்டுரை நாளைக்கே வேண்டுமாம், வரும் மாதம் அசனத்தன்று மலரை வெளியிடப் போகிறார்களாம். அசனத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. விருந்துக்குப் போனால் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரு என்று லூக்கா 14இல் இருப்பது எனக்கும் தெரியும். போன வருஷம் அப்படித்தான் ஒதுங்கி நின்று கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். சோறு இருந்தது, குழம்பு இருந்தது. கறி எங்கே என்று கேட்டதற்கு, பரிமாறிய தம்பி வாளிக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக் காட்டினான்.