நோய் வராது, ஆப்பிள்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் நோய் தாங்கும் ஆப்பிள் மரம் வளர்க்க முடியுமா? (ஒரு வாசகர், சிவகிரி)

பதில்: நோய் வராது. ஆப்பிளும் வராமல் போகலாம் என்பதுதான் சங்கடம்!

ஆப்பிளின் பரம எதிரி ‘ஸ்கேப்’ என்னும் சொறி நோய். 1973-இல் காஷ்மீர்த் தோட்டங்களைப் பதம்பார்த்த பூஞ்சை அது. குளிர்ச்சியும் இலையில் ஈரமும் இருந்தால்தான் பரவும். சிவகிரிச் சித்திரை வெயிலில் பூஞ்சைக்கே காய்ச்சல் கண்டுவிடும். சொறி நோயைத் தாங்கவென்றே ப்ரைமா, லிபர்ட்டி போன்ற ரகங்களை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். ஆனால் இவை குளிர்நாட்டுப் பிள்ளைகள். வழக்கமான ரகங்கள் ஒழுங்காகப் பூக்க, ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரம் குளிர வேண்டும். சிவகிரியில் அந்தக் குளிர் ஃப்ரிட்ஜுக்குள்தான்.

குளிர் குறைந்த ஊர்களுக்கு வழிகாட்டியவர் ஹரிமன் சர்மா. இமாச்சலின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி; மலையடிவார வெப்பத்தில் காய்க்கும் எச்.ஆர்.எம்.என்.-99 ரகத்தைத் தந்தவர். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலையும் அது தாங்கும். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆசைக்கு அந்த ரக ஒட்டுக்கன்று ஒன்றை நடலாம். மேட்டுப்பாத்தி அவசியம்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஜூஸுக்கு அவசரமென்றால், பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை மலிவு.