கோலுக்கு முந்தின பாஸ்

கோல் போட்டது யார் என்று அண்ணனிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. "போட்டவன வுடு தம்பி. அவனுக்குக் குடுத்தவனுக்குக் குடுத்தது யாரு?" என்பார். விடை எப்போதும் ஒன்றுதான்.

கீழ் டிவிஷனில் மிட்ஃபீல்டராக ஆடி ஓய்ந்தவர் உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். சென்னை லீகில் மூன்றாம் டிவிஷனில் தொடங்கி, தட்டுத்தடுமாறி மேலே ஏறி, சீனியர் டிவிஷன் வாசலைப் பார்த்துவிட்டு இறங்கியவர். நடுவில் மலப்புறம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி நடத்தும் செவன்ஸில், மேட்சுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஆடியிருப்பார். அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, முழங்காலில் நீ-கேப், டிவியில் எந்த மேட்ச் ஓடினாலும் "மிடில்ல ஆளே இல்ல" என்ற தீர்ப்பு. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த பாஸைத்தான் முடியவில்லை.

வராந்தாவில் நின்றபடியே நடத்திக் காட்டுவார். இடது காலை ஊன்றி, வலது ஷூவின் வெளி ஓரத்தால் காற்றை ஒரு தட்டு. முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், பார்க்காமலே கொடுத்தாராம். அதை வாங்கியவன் விங்கில் ஓடி கிராஸ் போட, இன்னொருவன் தலையால் முட்டினான். மறுநாள் பேப்பரில் அணிகளின் பெயர், ஸ்கோர், அடைப்புக்குறிக்குள் முட்டியவன் பெயர். அந்த அடைப்புக்குறியை அண்ணன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவருடைய குலதெய்வம் ஹெக்டர் என்ரிக்கே. 1986 ஜூன் 22, மெக்சிகோவின் ஆஸ்டெகா மைதானம். இங்கிலாந்துக்காரர்களை வரிசையாக ஏமாற்றிவிட்டு மரடோனா போட்ட கோல் உலகத்துக்கே தெரியும். அதற்கு முன் தங்கள் பாதியிலேயே நின்று அவருக்குப் பந்தைத் தள்ளிவிட்டவர் இந்த என்ரிக்கே. 'நான் கொடுத்த பாஸுக்கு யார்தான் கோல் போட மாட்டான்' என்கிற மாதிரி பிற்பாடு ஜோக்கடித்திருக்கிறார். என்ரிக்கே சிரித்துக்கொண்டு சொன்னார். நம்மவர் சிரிப்பதில்லை. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் எழுதுவார்கள் என்று கனடாவிலிருக்கும் அக்கா மகன் சொன்னதிலிருந்து, தப்பான ஆட்டத்தில் காலை விட்டுவிட்டோமே என்று புலம்பல் வேறு.

கிரவுண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் செக்‌ஷன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜாதகம் கொண்டுவந்தவர் தரகர். தரகர் நம்பரைக் கொடுத்தவர் டெஸ்பாட்ச் கிளார்க். அந்தக் கிளார்க்கிடம் டீ குடிக்கும்போது "அந்தப் பொண்ணுக்கு எதுனா பாருப்பா" என்று சொன்னவர் அண்ணன். வரவேற்பில் மேடையேறியவர் போட்டோ எடுத்து முடித்த பிறகும் இறங்கவில்லை. பெண்ணின் அப்பாவே ஒரு படி தள்ளி நிற்க வேண்டியதாயிற்று.

பந்தைக் காலில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் கோச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஃபைலுக்கும் அதே சட்டம்தான். ஒன் டச். என் பயணப்படி பில் அவர் மேஜைக்கு வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல், 'மேல் நடவடிக்கைக்கு' என்று எழுதிப் பக்கத்து மேஜைக்குத் தட்டினார். அங்கிருந்து விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. மறுபடி ஒரு தட்டு. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் மேஜையை மட்டும் அது இன்னும் எட்டவில்லை. இதில் நகைச்சுவை ஒன்றுமில்லை. கைக்காசு போட்டுத் திருச்சிக்குப் போய்வந்தவன் நான். பணம் வர வேண்டும்.

இருந்தாலும் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கீழ் டிவிஷன் ஆட்டத்துக்குக் கேமரா ஏது, ரீப்ளே ஏது? வேடிக்கை பார்த்ததே அடுத்த மேட்சுக்குக் காத்திருந்த அணிதான். ஸ்ட்ரைக்கருக்குப் பேப்பரில் ஒரு வரியாவது மிஞ்சியது. அந்த பாஸுக்கு அண்ணனின் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இப்படி மனசு இளகியிருந்த ஒரு சமயத்தில், அக்கறையாகவே கேட்டேன்: "அண்ணே, அந்தப் பந்த உங்களுக்கு யாரு குடுத்தது?"

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அது பின்னாலேர்ந்து வந்துச்சு தம்பி. எவனோ ஒரு பேக்கு."