மட்டாஞ்சேரிக்கு எழுந்தருளிய மகாபிரபுக்கள்

இங்கிலாந்துக்காரர்கள் இன்றும் வைக்கிங்குகளை நினைத்து அங்கலாய்க்கிறார்கள். 793-இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடினார்களாம். 865-இல் பெரும்படையாக வந்தவர்கள் திரும்பிப் போகாமல் நிலம் பிரித்துக் குடியேறினார்களாம். அடிக்காமல் இருப்பதற்கு வெள்ளிக்காசு வசூலித்தார்களாம். 1016-இல் கனூட் அரியணையிலும் ஏறினானாம். பாவம், அந்தத் தீவுக்கு வாய்த்தவர்கள் நாகரிகமற்ற முரடர்கள். நம் மலையாளக் கரைக்கு வாய்த்தவர்களோ, 1455-லேயே போப்பாண்டவரின் சாசனம் பெற்றுப் புறப்பட்ட போர்த்துகல் குலக்கொழுந்துகள். பறங்கிகள் என்று நம் முன்னோர் மரியாதைக் குறைவாகச் சொன்னார்கள். அந்தப் பிழையை இந்தச் சிறு கட்டுரையாவது துடைக்கட்டும்.

முதலில் அவர்களுடைய ஈகையைப் பாட வேண்டும். 1498-இல் அட்மிரல் வாஸ்கோ ட காமா அவர்கள் கோழிக்கோட்டில் மன்னர் சாமூதிரிக்கென எடுத்து வைத்த காணிக்கை: கோடு போட்ட துணி 12, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் பாத்திரம் 6, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். அரபிக்கடல் முழுவதும் வணிகம் கண்ட அரசவை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். பெருந்தன்மையின் அளவு அறியாத சிரிப்பு அது. அதற்குப் பதில் சொல்ல நான்காண்டுகள் பொறுத்திருந்தாரே, அந்தப் பொறுமைக்கு எது ஈடு?

1502-இல் அந்தப் பொறுமை பூத்துக் காய்த்தது. மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய மீரி என்னும் கப்பல் கண்ணனூர்ப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கான ஆண்கள், பெண்கள், குழந்தைகள். முதலில் செல்வத்தையும் ஆயுதங்களையும் இறக்கி, பயணிகளின் சுமையைக் குறைத்தார். பிறகு தீ மூட்டச் சொன்னார். அவர்கள் நன்றி கெட்டவர்களாய்த் தீயை அணைத்தார்கள். தாய்மார்கள் நகைகளைக் கழற்றிக் காட்டினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து இரங்கச் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் மனம் தளர்ந்திருப்பார்கள். மகாபிரபு தளரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி தீ வைத்தார். நாட்கணக்கில் நடந்தது அந்தத் திருப்பணி. அதே கப்பற்படையில் எழுத்தராக வந்த தோமே லோப்பஸ் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். சில குழந்தைகளை மட்டும் எடுத்து, துறவியராக வளர்க்க அனுப்பினார்களாம். தாயை எரித்தவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கருணையை எந்தக் கடவுளும் கணக்கில் வைக்காமல் இருக்க முடியாது.

கொச்சிக்கு அவர்கள் செய்த அருளோ தனி. கோழிக்கோட்டின் மேல் கொச்சி மன்னருக்கு இருந்த மனக்கசப்பை ஆறவிடாமல் காத்தார்கள். 1503-இல் மரத்தால் ஒரு கோட்டை எழுப்பினார்கள். இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. விருந்தாளி தங்குவதற்குத் திண்ணை போதாதா என்று கேட்பவர்கள் விருந்தோம்பலின் உச்சம் அறியாதவர்கள். நம் கடலில் நம் கப்பல் போவதற்கு 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டையும் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு வழங்கினார்கள். சீட்டு இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்து, மாலுமியின் வேலைப்பளுவையும் தீர்த்தார்கள். மிளகு விளைவித்தவனுக்குப் பேரம் பேசும் தொல்லை வேண்டாமென்று அவர்களே விலையை நிர்ணயித்தார்கள். யாரும் கேட்காமலே ஒரு பெருங்கடலுக்குக் காவல் இருப்பது என்ன சாதாரண தியாகமா!

கோயில் ஒன்றைக் கொள்ளையடித்த வருத்தத்தை ஆற்ற, 1555 வாக்கில் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு மட்டாஞ்சேரியில் ஓர் அரண்மனையே கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பொருளைப் பறித்துக்கொண்டு வீடு கட்டித் தரும் நாணயத்தைக் திருடர் கூட்டத்தில் வேறெங்கே கண்டிருக்கிறோம்? பின்னால் வந்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே இன்று பெயர். கொடுத்தவன் பெயரும் நிலைக்காத கொடை அது.

ஆன்ம விஷயத்தில் அவர்களுடைய அக்கறை இன்னும் நுணுக்கமானது. நூற்றாண்டுகளாகச் சுரியானி மரபில் வழிபட்டு வந்த நஸ்ராணிக் கிறிஸ்தவர்களுக்கு, கிறிஸ்தவராவது எப்படியென்று கற்றுத்தர 1599-இல் பேராயர் மெனெசெஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். தவறான ஏடுகளைச் சுமக்கும் பாரம் வேண்டாமென்று அவற்றை நெருப்புக்குக் கொடுத்தார்கள். அந்த அன்பில் திளைத்த மக்கள் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்டார்கள். சிலுவையில் கயிறு கட்டி, அதைக் கையில் பிடித்து, இயேசு சபையாருக்கு இனிப் பணியோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு என்று ஊர் அதை நினைவில் வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்து யூதர்களையும் பிரபுக்கள் மறக்கவில்லை: டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று 1662-இல் யூதத்தெருவைச் சூறையாடி, 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கும் நெருப்பின் தரிசனம் தந்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்று பேதமே பாராட்டாத இந்தச் சமத்துவத்தை இன்றைய மேடைகளில் பேசுவோர் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் இந்த அருளாட்சி முடிந்தது. கடலிலிருந்து வந்தவர்களைக் கடலிலிருந்து வந்த வேறு பிரபுக்களே வெளியேற்றினார்கள். நம்முடைய உதவி குறைவாகவே தேவைப்பட்டது.

கொச்சிக்குப் போகும் அன்பர்களே, தூய பிரான்சிஸ் ஆலயத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மறைந்த அட்மிரலை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1539-இல் எலும்புகளைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டாலும், கல்லறைக் கல்லைச் சுற்றிக் கம்பி போட்டுப் பத்திரமாகக் காக்கிறோம். பக்தியோடு நின்று பாருங்கள். மீரியில் வெந்தவர்களுக்கு எந்தத் திருத்தலத்தில் கல் நாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் வழிகாட்டியிடம் கேட்டுவிடாதீர்கள்.