மலைமேல் ஓடி காலேஜ் சீட் பிடிப்பது எப்படி?

பிளஸ் டூ பிள்ளை கிரவுண்டு பக்கம் தலைவைத்தால், "படிப்பு கெட்டுப்போகும்" என்று தடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த மறுநாள், "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஏதாச்சும் தேறுமா சார்?" என்று பி.டி. வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காலங்காலமாக முறை அதுதான்.

கொடைக்கானல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் வாழ்ந்தால் ரத்தத்தில் சிவப்பணு பெருகும் என்று வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் காசு கொடுத்து மலையேறுகிறார்கள். மேலே தங்கிக் கீழே பயிற்சி எடுப்பது அவர்கள் கண்ட சூத்திரம். நீங்களும் பூம்பாறையில் தூங்கிப் பழனியில் ஓடலாம். நடுவில் மணிக்கணக்கில் மலைப்பாதை பஸ். வாந்தியெடுக்காமல் இறங்கினால் தகுதிச்சுற்றில் தேறியாயிற்று. ஏரியைச் சுற்றினால் சுமார் 5 கிலோமீட்டர். மே மாதத்தில் குதிரை, வாடகை சைக்கிள், செல்ஃபிக் குடும்பங்கள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டியிருப்பதால் அதைத் தடை ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காலைவிடக் காகிதம்தான் முக்கியம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அங்கே யாரும் உங்களை ஓடிக்காட்டச் சொல்வதில்லை, சான்றிதழைத்தான் புரட்டுவார்கள். மாவட்டப் போட்டியா, மாநிலமா, தேசியமா, யார் நடத்தியது, யார் கையெழுத்து என்பதுதான் அங்கே பந்தயம். கொடைக்கானல் ஈரத்தில் பீரோவில் கிடக்கும் சான்றிதழ் ஒரே மழைக்காலத்தில் நமத்த அப்பளமாகிவிடும். அதற்காக லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்னால் எவராவது முத்திரை குத்த இடம் கேட்பார். பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வையுங்கள்.

கலைக் கல்லூரி என்றால் டிரையல்ஸ் உண்டு, அங்கே நிஜமாகவே ஓட வேண்டும். சீட்டும் ஹாஸ்டலும் இலவசம் என்பார்கள். முட்டி போய்விட்டால் அந்த ஹாஸ்டல் அறை என்னாகும் என்று அப்போதே கேளுங்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் வயது வரம்பு இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்வதால், நன்றாக ஆடுகிறவர் ஒரு எம்.ஏ. முடித்ததும் இன்னொரு எம்.ஏ. சேர்வார். படிப்பின்மேல் அப்படியொரு காதல்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு: என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் மூன்று டிவிஷன்கள். மூன்றாவதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு சொந்தக்காரர்களிடம் பீற்றுங்கள். கிரிக்கெட்டை அங்கே எடுத்துப் போகாதீர்கள், அவர்கள் பட்டியலில் அது இல்லை. கோச்சுக்கு வீடியோ அனுப்ப வேண்டியிருக்கும். மூடுபனி இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். ஓடுவது யார் என்றாவது அவருக்குத் தெரியட்டும்.