பொட்டு வச்ச பெட்டி

ஏலே பேராண்டி, இங்க வா. மானிட்டர் செத்துப்போச்சுன்னு தெருப் பூரா சொல்லிட்டு வாரியாமே? நாடி பிடிச்சுப் பாத்தியா? மூக்குல பஞ்சு வச்சுப் பாத்தியா? ஒண்ணும் கிடையாது. படம் தெரியலன்னதும், "தாத்தா, புதுசு வாங்க எட்டாயிரம் குடு"ன்னு வந்து நிக்க. மத்தியானம் நான் கண்ணசருத நேரத்துல நீ பக்கத்துல வராம இருக்கியே, அதுவே என் நல்லகாலம். வந்திருந்தா இந்நேரம் பந்தல்காரனுக்குப் போன் போட்டிருப்ப.

கிழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னுதான உதட்டைப் பிதுக்குத? ஒண்ணும் தெரியாதுப்பா. பம்புசெட்டோட நாப்பது வருசம் மாரடிச்சவன், அம்புட்டுதான். ஆனா நான் டீ குடிக்க பெஞ்சுக்கு அடுத்தாப்புல கம்ப்யூட்டர் சரி பாக்குத கடை இருக்கு. "டிஸ்ப்ளே வரலண்ணே"ன்னு தூக்கிட்டு வாரவனையெல்லாம் பத்து வருசமாப் பாக்கேன். டீக்குக் காசு குடுத்தேன், வித்தை ஓசி.

தொட்டியில தண்ணி விழலன்னா என்ன செய்யணும்? தொட்டியை இடிக்கணும்னு நீ சொல்லுவ. விவரம் தெரிஞ்சவன் கரண்டு இருக்கா, மோட்டார் ஓடுதா, குழாய் ஒழுகுதா, எந்த வாமடை திறந்திருக்குன்னு வரிசையாப் பாத்துட்டு வருவான். மானிட்டர் வெறும் தொட்டிலே. படம் ஊறுத கிணறு கீழ இருக்க சிபியூ பெட்டி.

முதல்ல மானிட்டர் ஓரத்துல குண்டுமணி கணக்கா இருக்க லைட்டைப் பாரு. எரியவே இல்லன்னா சுவிட்சு, பிளக்கு, பின்னால சொருகுத பவர் கேபிள், இதுல ஏதோ ஒண்ணு சரியில்ல. மஞ்சளாவோ ஆரஞ்சாவோ எரிஞ்சா, மினுக்குனா, பயப்படாத. கரண்டு இருக்கு, சிக்னல்தான் வந்து சேரல. "நோ சிக்னல்"னு ஒரு தடவை எழுதிக் காட்டிட்டு அது தூங்கிரும். நீ அந்நேரம் செல்லை நோண்டிட்டு இருந்திருப்ப.

அடுத்து கீபோர்டுல கேப்ஸ் லாக்கை அமுக்கு. அதோட லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா பெட்டி முழிச்சுத்தான் இருக்கு. மோட்டார் ஓடுது, தண்ணி நடுவழியில எங்கயோ நிக்குதுன்னு வச்சுக்கோ.

அப்புறம் மானிட்டருக்கு அடியில பட்டன் இருக்கும், அதை அமுக்கி இன்புட்டு எதுல இருக்குன்னு பாரு. கேபிளை நீ எச்டிஎம்ஐ-யில சொருகியிருப்ப, அது விஜிஏ-வைப் பாத்து உக்காந்திருக்கும். மாப்பிள்ளை கிழக்கு வாசல்ல நிக்கான், ஆரத்தித் தட்டு மேக்கு வாசல்ல காத்துக் கிடக்கு. கல்யாணம் நடக்குமாலே?

கேபிளையும் கழத்திப் பாக்கணும். நீலத் தலை விஜிஏ-க்கு 15 ஊசி, ரெண்டு பக்கமும் திருகு. ஒரு ஊசி வளைஞ்சாலும் கோளாறுதான். எச்டிஎம்ஐ-க்குத் திருகே கிடையாது, லேசா இழுத்தா வழுக்கிட்டு வந்துரும். சந்தேகமா இருந்தா அதே கேபிளை வீட்டு டிவியில மாட்டிப் பாரு. படம் வந்தா கேபிளைத் திட்டாத. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. நாலையும் ஒருசேர மாத்துனா எதுல குணமாச்சுன்னு சாமியாடிகிட்டத்தான் குறி கேக்கணும்.

அதுக்கும் மசியலன்னா ராம். பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சு மிச்சக் கரண்டை இறக்கு. ராமைக் கழத்தி, அந்தத் தங்கப் பல்லை பென்சில் அழிக்கிற ரப்பரால தேச்சு, 'டக்'னு சத்தம் கேக்க வரைக்கும் சொருகு. மானிட்டர் வயித்தை மட்டும் கிழிச்சிராத. பிளக்கைப் பிடுங்கின பொறவும் உள்ள கரண்டு பதுங்கி இருக்கும்.

என்னலே, எழுதிக்கிட்டியா? நல்ல பிள்ளை. இப்ப இதுல ஒண்ணும் உனக்குத் தேவையில்ல, பேனாவை மூடு.

போன வாரம் ஆயுத பூசைக்கு என்ன செஞ்ச? அத்தனை வயரையும் பிடுங்கிப்போட்டுத் துடைச்ச. வாழைப்பழம், பொரி, ஊதுபத்தின்னு பெட்டிக்கு ஏக மரியாதை. பூசை முடிஞ்சு திருப்பி மாட்டுனயே, எங்க மாட்டுன? பெட்டியைத் திருப்பு. மேல யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்துல ஒரு எச்டிஎம்ஐ, அது மதர்போர்டோடது. கீழ படுக்கை வசத்துல இன்னொண்ணு, அது கேம் ஆடணும்னு என்கிட்ட அழுது வாங்குனயே, அந்த கிராபிக்ஸ் கார்டோடது. கார்டு இருந்தா கேபிள் அதுலதான் இருக்கணும். போதாததுக்கு, உன் பில்லுல ஐ5 12400எஃப்னு போட்டிருக்கு. இன்டெல் பேருக்குப் பின்னால அந்த எஃப் வந்தா, படம் போடுத பாகம் பிராசசர்ல கிடையாதாம், கடைக்காரன் வாரம் ஒருத்தனுக்குச் சொல்லுதான். நீ சொருகுன ஓட்டை வறண்ட கிணறு. கீழ மாத்து.

ம், படம் வருதுல்ல? ஈன்னு இளிக்காத. "லைட்டே எரியலையே தாத்தா"ன்னு ஒத்தக்கால்ல நின்னயே, அங்க சந்தனம் காஞ்சு கிடக்கு பாரு, அதை நகத்தால சுரண்டு. இன்னும் கொஞ்சம், குங்குமத்தையும் சேத்து. எரியுதா? பெட்டிக்குப் பொட்டு வச்சது சரிலே, கண்ணு மேலயா வைப்பாவ?

போ, போய் ஆடு. நான் கொஞ்ச நேரம் தலையைச் சாய்க்கேன். அதுக்கு முந்தி, செல்லுல அந்தப் பந்தல்காரன் நம்பர் இருந்தா அழிச்சிரு.